பொட்டி படுத்துருச்சா? ஃபார்மட்டுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!



ரொம்ப நாளா இந்தப் பக்கம் ஒட்டடை அடிக்கக்கூட வரல. ஆணி அதிகம், அதான். ஆனா போன மாசம் நடந்த ஒரு விஷயத்தை எழுதாம விட்டா மனசு ஆறாது போல இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

எங்க ஊரு காஞ்சிபுரம்னு உங்களுக்குத் தெரியும். பிள்ளையார்பாளையத்துல எனக்குத் தெரிஞ்ச அண்ணா ஒருத்தர் இருக்காரு. முன்னாடி தறியில உக்காந்து நெஞ்சவரு. முட்டிவலி வந்ததுக்கு அப்புறம் டிசைன் போடுற வேலைக்கு மாறிட்டாரு. முந்தானை, பார்டர், புட்டா எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா வரைஞ்சு குடுப்பாரு. அதைப் பாத்து ஜக்கார்டுக்கு அட்டை குத்துவாங்க. அந்த அட்டை தறி மேல ஏறினாத்தான் சேலையில யானையும் மயிலும் இறங்கும்.

ஒரு நாள் ராத்திரி 9 மணிக்கு ஃபோன்.

"தம்பி, லேப்டாப் போயிடுச்சுப்பா. ஆன் பண்ணா நீலமா வந்து நின்னுடுது. கடையில காட்டுனேன். ஃபார்மட் போட்டாத்தான் வரும்ங்கிறான். நாளைக்குக் காலையில குடுத்துட்டு வரட்டுமா?"

"உள்ள என்னண்ணா இருக்கு?"

"எல்லாந்தான்."

எல்லாந்தான்னா 11 வருஷ டிசைன். பாட்டி காலத்துச் சேலையை யாராவது கொண்டுவந்து "இதே மாதிரி வேணும்"னு குடுப்பாங்க. அதை இழை இழையா எண்ணிப் பாத்து வரைஞ்சு வெச்சதும் அதுல இருக்கு. அந்தப் பழைய சேலைகள்ல பாதி இப்ப ஜரிகைக்காக உருக்கப்பட்டே போயிருக்கும். அதோட, ஒரு முகூர்த்தச் சேலைக்கு முந்தானை டிசைன் பாதியில நிக்குது. தறி காலியா நிக்குது. தறி நின்னா நெசவு செய்யுற வீட்டுல அன்னைக்குக் கூலி இல்ல.

"வேற எங்கயாவது காப்பி இருக்காண்ணா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "பென் டிரைவ்ல கொஞ்சம் இருக்கும்னு நெனைக்கிறேன்"ன்னாரு. அந்த 'நெனைக்கிறேன்'ல எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. கடைக்குப் போக வேணாம், நான் வரேன்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டேன்.

எங்க நிக்குது?

நான் ஒண்ணும் பெரிய பொட்டி டாக்டர் இல்லீங்க. ஆனா ஒண்ணு மட்டும் தெரியும். கம்ப்யூட்டர் ஆன் ஆகுறதுங்கிறது ஒரே வேலை இல்ல. வரிசையா நாலு படி இருக்கு. முதல்ல பயாஸ் எந்திரிச்சு மெமரி, டிஸ்க் எல்லாம் இருக்கான்னு பாக்கும். அப்புறம் விண்டோஸைத் தேடிப் பிடிக்கிற குட்டி நிரல் ஓடும். மூணாவது, விண்டோஸோட அடிமடியும் அதுக்கு வேணுங்கிற டிரைவர்களும் ஏறும். கடைசியாத்தான் நாம பாஸ்வேர்ட் போடுற திரை வரும்.

எந்தப் படியில தடுக்கி விழுதுன்னு பாத்தாலே பாதி வைத்தியம் முடிஞ்சுது. கம்பெனி பேரே வரலையா? கரண்ட்டு, மெமரி, போர்டு பக்கம் பாக்கணும். பேரு வந்துட்டு 'பூட் டிவைஸ் இல்ல'ன்னு சொல்லுதா? டிஸ்க்கு இல்லன்னா அதோட இணைப்பு. வட்டம் சுத்திட்டு நீலத்திரையா? டிரைவரு, அப்டேட்டு, இல்ல டிஸ்க்கைப் படிக்கிற வழி. பாஸ்வேர்ட் போட்டதுக்கு அப்புறம் படுக்குதா? அது தானா ஓட ஆரம்பிக்கிற ஏதோ ஒரு புரோகிராமா இருக்கலாம்.

நெசவுக்காரங்களுக்கு இதைச் சொல்லவே வேணாம். சேலையில பிசிறு வந்தா ஒவ்வொரு சுத்துலயும் அதே இடத்துல வருதான்னு பாப்பாங்க. அதே இடத்துல வந்தா எத்தனாவது அட்டைன்னு எண்ணி அந்த ஒரு அட்டையை மாத்துவாங்க. ஒரு இழை அறுந்தா அந்த இழையைத் தேடிப் பிடிச்சு முடிச்சுப் போடுவாங்க. பாவு மொத்தத்தையும் அறுத்துப் போட்டுட்டுப் புதுசாப் பூட்டலாம்னு ஒருத்தன் சொன்னா அவனைத் தறிப் பக்கமே விட மாட்டாங்க.

நம்ம ஊருக் கடைகள்ல 'ஃபார்மட்'டுன்னு சொல்றது அந்தப் பாவை அறுக்கிற வேலைதான்.

சரி, அண்ணா வீட்டுக்கு வரேன். கம்பெனி பேரு வந்துச்சு. வட்டம் சுத்துச்சு. நீலத்திரை. சோகமா ஒரு மூஞ்சி. (விண்டோஸ் 11ல 2025லேர்ந்து அது கறுப்புத் திரையா மாறிருச்சு, மூஞ்சியையும் எடுத்துட்டாங்க. அண்ணாவோடது விண்டோஸ் 10.) கீழ பொடி எழுத்துல 'இன்ஆக்சஸபிள் பூட் டிவைஸ்'. அதாவது, 'நான் ஏற வேண்டிய டிஸ்க்கை என்னால தொட முடியல'.

மக்களே, அந்தப் பொடி எழுத்துதான் முக்கியம். அதை ஒரு ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கங்க. 'நீலமா வருது'ன்னு மட்டும் சொல்றது டாக்டர்கிட்ட 'உடம்பு சரியில்ல'ன்னு மட்டும் சொல்ற மாதிரி.

என்கிட்ட லினக்ஸ் போட்ட பென் டிரைவ் ஒண்ணு எப்பவும் இருக்கும். அதை சொருகி அது வழியா ஏத்தினேன். லினக்ஸ் அழகா வந்துச்சு. ஆனா டிஸ்க்கையே காணோம்! உள்ள ஒரு டிஸ்க்கு இருக்குங்கிற தடயமே இல்ல. அண்ணா என் மூஞ்சியப் பாக்குறாரு, நான் சுவத்தப் பாக்குறேன். அண்ணி உள்ளேர்ந்து வந்து "சாப்டுட்டுப் பாருப்பா"ங்கிறாங்க. சோறு எங்க இறங்குது?

திரும்ப ஆன் பண்ணி எஃப்2 அமுக்கி பயாஸுக்குள்ள போனேன். அங்க டிஸ்க்கோட பேரு, கொள்ளளவு எல்லாம் சரியாத் தெரியுது. அப்ப டிஸ்க்கு சாகல. அதோட பேசுற வழிதான் எங்கயோ அடைச்சிருக்கு.

அப்பத்தான் மேல இருந்த தேதி கண்ணுல பட்டுச்சு. 2019, ஜனவரி 1.

"அண்ணா, சமீபத்துல இதைக் கழட்டுனாங்களா?"

"ஆமாம்பா, போன வாரம் பேட்டரி மாத்துனேன்."

விஷயம் விளங்கிருச்சு. பேட்டரியைக் கழட்டி மாட்டுனதுல பயாஸ் தன்னோட எல்லா அமைப்பையும் மறந்துட்டு, பொறந்த அன்னைக்கு இருந்த மாதிரி மாறிருச்சு. தேதி மட்டும் மாறல. டிஸ்க்கோட பேசுற முறையும் மாறிருச்சு. ரெண்டு வருஷம் முன்னாடி புது எஸ்எஸ்டி போட்டப்ப யாரோ அதை 'ஏஹெச்சிஐ'ன்னு மாத்தி விண்டோஸ் போட்டிருக்காங்க. இப்ப அது பழையபடி 'ரெய்டு'ன்னு நிக்குது. இந்த விண்டோஸுக்கு அந்தப் பாஷை தெரியாது. பென் டிரைவ் லினக்ஸுக்கும் தெரியல. அவ்ளோதான் வியாதி.

ஏஹெச்சிஐன்னு மாத்தினேன். உடனே விண்டோஸ் பக்கம் போகல. திரும்ப லினக்ஸ் வழியா ஏத்தி, டிசைன் ஃபோல்டரை மொத்தமா ஒரு வெளி டிஸ்க்குக்கு காப்பி பண்ணேன். அது முடிஞ்சதுக்கு அப்புறந்தான் விண்டோஸ். பாஸ்வேர்ட் திரை வந்துச்சு. அண்ணா ஒண்ணும் பேசல. பாதியில நின்ன முந்தானையைத் திறந்து பாத்தாரு. மூடினாரு. திரும்பத் திறந்து பாத்தாரு. அப்புறந்தான் எல்லாரும் சாப்ட்டோம்.

ஒரே ஒரு அமைப்புங்க. காலையில கடைக்குப் போயிருந்தா 11 வருஷம் போயிருக்கும்.

85 லட்சம் பொட்டி, ஒரே ஒரு கோப்பு

'உனக்கு அதிர்ஷ்டம், எல்லாத்துக்கும் இப்படி ஆகுமா'ன்னு கேப்பீங்க. உலகமே பாத்த ஒரு கதையைச் சொல்றேன்.

2024 ஜூலை 19. ஆடி முதல் வெள்ளி. ஊருல அம்மன் கோயில்ல கூட்டம் நெரியுது. நம்ம நேரம் காலையில 9.39க்கு கிரவுட்ஸ்டிரைக்குங்கிற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி ஒரு சின்ன அப்டேட்டை அனுப்புச்சு. அதை வாங்கின விண்டோஸ் பொட்டிகள் எல்லாம் நீலமாகி விழுந்துச்சு. திரும்ப ஆன் பண்ணா திரும்ப விழும். அந்த மென்பொருள் ஆரம்பத்துலயே, அடிமடியிலயே ஏறுற வகை. அதனால பாஸ்வேர்ட் திரைக்கே வர முடியல. 10.57க்கு அப்டேட்டை வாபஸ் வாங்கிட்டாங்க. அதுக்குள்ள 78 நிமிஷம் ஆயிருச்சு. மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்குப்படி சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர் காலி. உலகத்துல இருக்குற விண்டோஸ் பொட்டிகள்ல இது 1 சதவீதத்துக்கும் கம்மிதான். ஆனா அந்த ஒரு சதவீதம் ஏர்போர்ட்டுலயும் ஆஸ்பத்திரியிலயும் பேங்குலயும் இருந்துச்சு. நம்ம நாட்டு விமான நிலையங்கள்ல கையால எழுதின போர்டிங் பாஸ் குடுத்தாங்க, ஞாபகம் இருக்கா? அமெரிக்காவுல டெல்டா மட்டும் அஞ்சு நாள்ல சுமார் 7,000 விமானங்களை ரத்து பண்ணுச்சு.

காரணம் என்ன தெரியுமா? கம்பெனியே பின்னாடி அறிக்கை விட்டுச்சு. அந்த அப்டேட்டு 21 விவரத்தை எதிர்பாத்துச்சு. பொட்டிக்குள்ள இருந்த நிரல் குடுத்தது 20. இல்லாத 21ஆவதைப் படிக்கப் போயி, தன்னோடது இல்லாத மெமரியில கை வெச்சு, மொத்தமும் படுத்துருச்சு. அண்ணாகிட்ட இதைச் சொன்னேன். "20 கொக்கி இருக்குற ஜக்கார்டுல 21 ஓட்டை குத்துன அட்டையை ஏத்திட்டானா?"ன்னு சிரிச்சாரு. நான் அரைப் பக்கம் எழுதி விளக்க நெனைச்சதை மனுசன் ஒரு வரியில முடிச்சுட்டாரு.

சிரிப்பு மட்டும் இல்லீங்க, அதுல சரித்திரமும் இருக்கு. ஜக்கார்டு 1804ல செஞ்ச அந்த ஓட்டை அட்டையப் பாத்துத்தான் பாபேஜ் தன்னோட கணக்கு இயந்திரத்துக்கு அட்டையில கட்டளை குடுக்கலாம்னு யோசிச்சாரு. 1890ல அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் எண்ணினதும் ஓட்டை அட்டையிலதான். எங்க ஊரு தறிக்கும் உங்க மடியில இருக்குற பொட்டிக்கும் அப்படி ஒரு சொந்தம்.

விஷயத்துக்கு வரேன். அந்த 85 லட்சம் பொட்டிக்கும் சொன்ன வைத்தியம் என்ன? சேஃப் மோட்ல ஏத்து, அந்த ஃபோல்டருக்குப் போ, 291ங்கிற எண் உள்ள அந்தக் கோப்பை மட்டும் அழி, ரீஸ்டார்ட் பண்ணு. அவ்ளோதான். உலகத்தோட மிகப்பெரிய கம்ப்யூட்டர் படுக்கைக்கே ஒத்த அட்டையை உருவினது போதுமா இருந்துச்சு.

இன்னொரு பாடமும் உண்டு. பல ஆபீஸ்கள்ல டிஸ்க்கை பிட்லாக்கர் போட்டுப் பூட்டியிருந்தாங்க. சேஃப் மோட்ல போகவே 48 இலக்கச் சாவி வேணும். அந்தச் சாவியைச் சேத்து வெச்சிருந்த சர்வரே சில இடங்கள்ல படுத்துக் கிடந்துச்சு. வீட்டைப் பூட்டிச் சாவியை வீட்டுக்குள்ளயே வெச்ச கதை.

கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பண்றது?

'ஃபார்மட்'டுன்னு சொன்ன கடைப் பையன் மேல எனக்கு முதல்ல பயங்கரக் கோவம். (கடை பேரு வேணாம், விடுங்க.) அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். ஃபார்மட்டுன்னா ஒரு மணி நேர வேலை, கைமேல காசு. காரணம் தேடணும்னா அரை நாள் போகும். கடைசியில "ஒரு அமைப்பை மாத்தினேன்"ன்னு சொன்னா நாம காசு குடுப்போமா? "இதுக்கா 500 ரூவா?"ன்னு சண்டை போடுவோம். தேடிக் கண்டுபிடிக்கிறதுக்கு நாம காசு குடுக்கத் தயாரா இல்ல. அழிக்கிறதுக்குத் தயாரா இருக்கோம். அப்ப கடையில அழிக்கத்தான் செய்வாங்க. அடுத்த தடவை கடைக்குப் போனா "காரணம் கண்டுபிடிங்க, அதுக்கு எவ்ளோ?"ன்னு கேட்டுப் பாருங்க. பேச்சே மாறும்.

ஆனா ஒரு விஷயத்துல அவங்க பழக்கம் மாறியே ஆகணும். அந்தக் காலத்து ஹார்டு டிஸ்க்குல மேலோட்டமா ஃபார்மட் பண்ணாலும் உள்ள இருந்தது உடனே அழியாது. ஏதாவது மென்பொருள் போட்டு நோண்டி எடுத்துரலாம். அதனால 'முதல்ல ஃபார்மட், வேணும்னா அப்புறம் மீட்டுக்கலாம்'னு ஒரு தெனாவட்டு இருந்துச்சு. இப்ப எஸ்எஸ்டி காலம். ஃபார்மட் பண்ணதும் 'இந்த இடமெல்லாம் காலி'ன்னு விண்டோஸே டிஸ்க்குக்குச் சொல்லிரும். டிஸ்க்கு தன்பாட்டுக்கு உள்ள இருந்து துடைச்சுப் போட்டுரும். மீட்குற வாய்ப்பு அனேகமா பூஜ்யம். பழைய தைரியம் இனிமே செல்லாது சாமி.

சரி, என்ன பண்ணலாம்? அடியேன் பழகிக்கிட்ட வரிசை இது:

1. பொடி எழுத்தை ஃபோட்டோ எடுங்க. கடைசியா என்ன மாத்துனோம்னு யோசிங்க. பேட்டரி, மெமரி, அப்டேட், புதுசா ஒரு பிரிண்டர், எதுவா இருந்தாலும் சரி. பாதிக் கேசு இங்கயே முடியும்.

2. வெளிய சொருகியிருக்குற எல்லாத்தையும் பிடுங்கிட்டு ஒரு தடவை ஆன் பண்ணுங்க. மறந்துபோன பென் டிரைவ்லேர்ந்து ஏற முயற்சி பண்ணி முழிக்கிற பொட்டி ஏராளம்.

3. பயாஸுக்குள்ள போயி தேதியையும் டிஸ்க் பேரையும் பாருங்க. பாருங்கன்னுதான் சொன்னேன். தெரியாததை மாத்தாதீங்க.

4. விண்டோஸ் அடுத்தடுத்து ரெண்டு மூணு தடவை ஏற முடியாம விழுந்தா தானாவே பழுதுபாக்குற திரை வரும். (பழைய எஃப்8 வித்தை விண்டோஸ் 8லேர்ந்து சாதாரணமா வேலை செய்யாது.) அங்க கடைசி அப்டேட்டை மட்டும் நீக்குற வழி இருக்கு, பழைய நிலைக்குத் திரும்புற வழி இருக்கு, சேஃப் மோடுக்கும் வழி இருக்கு.

5. எதுவும் பலிக்கலைன்னா, முதல்ல கோப்புகளை வெளிய எடுங்க. லினக்ஸ் பென் டிரைவ் இல்லையா? அதே பழுதுபாக்குற திரையில கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'நோட்பேட்'னு அடிங்க. நோட்பேட் வரும். அதுல 'ஓப்பன்' போட்டா வர்ற பெட்டியில எல்லாக் கோப்பையும் பாக்கலாம், காப்பி பண்ணிப் பென் டிரைவ்ல ஒட்டலாம். ஏழைக்கேத்த எள்ளுருண்டை :-)

6. டிஸ்க்கு 'கட கட'ன்னு சத்தம் போட்டா மேல சொன்ன எதையும் பண்ணாதீங்க. உடனே நிறுத்திட்டு, தரவு மீட்குறதையே தொழிலா வெச்சிருக்குறவங்ககிட்ட போங்க. ஒவ்வொரு தடவை ஆன் பண்றதும் இன்னும் கொஞ்சம் சுரண்டும்.

7. இதெல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம், கடைசியா, ஃபார்மட்.

புதுப் பொட்டி வாங்கினவங்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 11ல, 2024ல வந்த பதிப்புலேர்ந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கோட புதுசா நிறுவினா உங்களைக் கேக்காமலேயே டிஸ்க்கைப் பூட்டிருது. சாவி அந்தக் கணக்குல இருக்கும். கடைக்காரர் அவரோட கணக்கைப் போட்டு ஆரம்பிச்சுக் குடுத்திருந்தா சாவியும் அவர்கிட்டதான்! இன்னைக்கே பாத்து, அந்த 48 இலக்கத்தை ஒரு பேப்பர்ல எழுதி ரேஷன் கார்டோட வெச்சிருங்க. லேப்டாப் பையில வைக்காதீங்க.

நம்ம பாவு நம்ம கையில

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்? நீங்களும் நெசவுக்காரங்கதான். பாதி எழுதின கதை, பத்து வருஷக் கவிதை, அப்பா பேசினதைப் பதிவு பண்ணின ஒலிக்கோப்பு, ஊருத் திருவிழா ஃபோட்டோ, எல்லாம் அந்தப் பொட்டியிலதான் கிடக்கு. பதிவுல போட்டுட்டோம், பத்திரமா இருக்கும்னு நெனைக்காதீங்க. 2009ல ஜியோசிட்டீஸை மூடினப்ப எத்தனை பேரோட பக்கம் காணாமப் போச்சு? விண்டோஸைத் திரும்பப் போட்டுக்கலாம். பொட்டியைத் திரும்ப வாங்கிக்கலாம். உங்க அப்பா குரலை எந்தக் கடையில விக்கிறாங்க?

அண்ணா இப்ப ரெண்டு வெளி டிஸ்க் வெச்சிருக்காரு. ஒண்ணு வீட்டுல, ஒண்ணு பொண்ணு வீட்டுல. மாசா மாசம் அமாவாசைக்கு காப்பி பண்றாரு. காப்பி பண்ணதும் அதுலேர்ந்து ரெண்டு டிசைனைத் திறந்தும் பாக்குறாரு. அதுதான் முக்கியம். எங்க ஊரு அத்தி வரதர் 1979ல வந்தாரு, 2019ல வந்தாரு, அடுத்து 2059. குளத்துக்குள்ள 40 வருஷம் இருந்துட்டு வந்து தரிசனம் குடுக்க அவரால முடியும். நம்ம பேக்கப்பால முடியாது. அப்பப்ப எடுத்துப் பாத்துறணும்.

அந்த முந்தானை அட்டையாகித் தறி ஏறிருச்சு. நேத்து அந்தத் தெரு வழியாப் போறப்போ சத்தம் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் நின்னு கேட்டுட்டு வந்தேன்.

டிஸ்கி 1: இதைப் படிச்சுட்டு பயாஸுக்குள்ள போயி எல்லாத்தையும் மாத்திட்டு என்னைத் திட்டக் கூடாது. ஏஹெச்சிஐ, ரெய்டு மேட்டரு அண்ணா பொட்டிக்கான மருந்து. உங்க பொட்டிக்கு அதுவே விஷமாகலாம்.

டிஸ்கி 2: 'லினக்ஸுக்கு மாறு, இந்தத் தொல்லையே இல்ல'ன்னு சொல்ல வர்ற தோழர்களே, உங்க அன்பு புரியுது. அந்த டிசைன் மென்பொருள் விண்டோஸ்லதான் ஓடுது, விட்டுருங்க.

டிஸ்கி 3: உங்க பொட்டி எந்தப் படியில படுத்துச்சு, எப்படி எழுப்புனீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. அடுத்தவனுக்கு ஆகும்.